பெரிய பூசணிக் கதையை வைத்து வாசிக்கப் பழக்குவது: முழுமையான வழிகாட்டி

எழுத்து அட்டவணையை ஒப்பிக்கத் தெரியும், ஆனால் ஒரு வரியைக் கொடுத்தால் வாசிக்க வராது. இப்படி நிற்கும் 5, 6 வயதுக் குழந்தைக்கான வழி இது. ஒரே ஒரு கதை, எட்டுப் பக்கம், தினம் 15 நிமிடம், ஏறக்குறைய இரண்டு வாரம்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது நடுவழியில்தான். நாலாம் நாள் குழந்தை கதை முழுவதையும் கடகடவென்று சொல்லும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், 'படிக்க வந்துவிட்டது' என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அது மனப்பாடம். மனப்பாடம் வேண்டும், அது இல்லாமல் இந்த முறையே நடக்காது. ஆனால் அதை நாமே உடைக்க வேண்டிய ஒரு நாள் வரும். 8-ஆம் பகுதி அதற்குத்தான். அவசரத்தில் இருப்பவர்கள் வேறு எதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

1. முதலில் குழந்தையைப் பாருங்கள்

247 எழுத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கதைக்கு அ, ஆ, இ, உ, எ, ஒ என்ற ஆறு உயிரெழுத்துகளும், துணைக்கால் போட்டால் ஓசை நீளும் என்ற அறிவும் இருந்தால் தொடங்கலாம்.

அதைவிட முக்கியமான சோதனை காதுக்கு. "பூசணி" என்று சொல்லி, கை தட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். பூ, ச, ணி என்று மூன்று தட்டு வர வேண்டும். மொத்தமாக ஒரே தட்டு தட்டினால், இரண்டு நாள் பெயர்களைத் தட்டி விளையாடிவிட்டு வாருங்கள். சொல்லுக்குள் துண்டுகள் இருப்பது காதில் விழாத குழந்தைக்கு, தாளில் இருக்கும் துண்டுகள் வெறும் கோடுகள்தான்.

2. கதை

அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

பக்கம் 1: ஒரு விதை. சின்ன விதை.

பக்கம் 2: ஒரு பூசணி. பெரிய, பெரிய பூசணி!

பக்கம் 3: தாத்தா வந்தார். உருட்டு, உருட்டு! பூசணி நகரவே இல்லை.

பக்கம் 4: பாட்டி வந்தார். தாத்தா, பாட்டி. உருட்டு, உருட்டு! பூசணி நகரவே இல்லை.

பக்கம் 5: மாமா வந்தார். தாத்தா, பாட்டி, மாமா. உருட்டு, உருட்டு! பூசணி நகரவே இல்லை.

பக்கம் 6: ஆடு வந்தது. தாத்தா, பாட்டி, மாமா, ஆடு. உருட்டு, உருட்டு! பூசணி நகரவே இல்லை.

பக்கம் 7: எலி வந்தது. அடியில் ஒரு கல்! எலி கல்லை எடுத்தது.

பக்கம் 8: உருட்டு, உருட்டு! பூசணி உருண்டது!

மொத்தம் 20 வெவ்வேறு சொற்கள், 40 வெவ்வேறு எழுத்துகள். 'உருட்டு' மட்டும் பத்து முறை வருகிறது. ஒருவர் பின் ஒருவராக ஆள் சேரும் கதையின் லாபமே இதுதான்: ஒரே சொல்லைப் பத்து முறை படிக்க வைத்தால் குழந்தை சலித்துக்கொள்ளும், இங்கே அடுத்து யார் வருவார் என்ற ஆவலில் சலிப்பே தெரியாது.

டர்னிப்பை எல்லோரும் சேர்ந்து இழுக்கும் ரஷ்ய நாட்டுப்புறக் கதை பலருக்குத் தெரியும். அதையே தமிழில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்வதற்கு நன்றாகவே இருக்கும். வாசிக்கத்தான் இடிக்கும். டர்னிப்பைக் குழந்தை பார்த்திருக்காது. முள்ளங்கி என்று மாற்றினால் ள், ங் என்று இரண்டு புள்ளி எழுத்துகள் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பூசணியில் புள்ளியே இல்லை.

சொந்தமாகக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். 'கல்லைத் தூக்கியது' என்று எழுதினால் இடையில் ஒரு 'த்' வந்து நிற்கும். பேச்சில் தனியாகக் காதில் விழாத அந்த எழுத்தைப் பார்த்து, புதிதாகப் படிக்கும் குழந்தை "கல்லைத்... அப்படின்னா?" என்று நின்றுவிடும். அதற்காக ஒற்றை விட்டுவிட்டு எழுதுவதும் தவறு, தப்பான வடிவம் கண்ணில் பதிந்துவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் வினையாகப் பார்த்துப் போட்டால் தொல்லையே இல்லை: கல்லை எடுத்தது, கல்லை இழுத்தது. சந்தி எழுத்துகளை அடுத்த கதையில் பார்த்துக்கொள்ளலாம்.

3. தயாராக வைக்க வேண்டியவை

எட்டு வெள்ளைத் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம். எழுத்தின் உயரம் பெரியவர்களின் கட்டைவிரல் அகலமாவது இருக்கட்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. எந்தச் சொல்லையும் வரி முடிவில் உடைக்காதீர்கள்.

கையால் எழுதுகிறீர்கள் என்றால் இரண்டு இடங்களில் கவனம். முதலாவது 'வந்தார்'. துணைக்காலும் 'ர்'-உம் ஒட்டி நிற்கும் இடம் அது. 'ர'-வின் கீழ்க்கோட்டைச் சுருக்கமாகப் போட்டால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், குழந்தை "வந்தாா..." என்று இழுத்துக்கொண்டே போகும். அந்தக் கோட்டை நன்றாக நீட்டி எழுதுங்கள். கணினியில் அச்சடித்தாலும் ர, ா வேறுபாடு பளிச்சென்று தெரியும் எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது 'லை'. 1978-இல் தமிழ்நாட்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் சிலர் கையெழுத்தில் இன்னும் பழைய கொம்பு வடிவத்தையே போடுவார்கள். வீட்டுப் பெரியவர் ஆசையாக எழுதிக்கொடுத்த தாளில் 'இல்லை'யில் குழந்தை முட்டி நின்றால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

படம் வேண்டும், ஆனால் தாளின் பின்பக்கத்தில். வரிக்குப் பக்கத்திலேயே எலி இருந்தால் குழந்தையின் கண் எலியைப் பார்த்து "எலி" என்று சொல்லிவிடும். எழுத்துக்கு வேலையே இருக்காது. படித்து முடித்தபின் தாளைத் திருப்பினால் படம்: அது பரிசு மாதிரியும் ஆகிறது, விடைத்தாள் மாதிரியும் ஆகிறது.

இதோடு 20 சொற்களுக்கும் தனித்தனி அட்டைகள். ஒரு பெரிய தலையணை. அவ்வளவுதான்.

4. தாளை எடுக்காமல் கதை சொல்லுங்கள் (நாள் 1, 2)

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே தாளை நீட்டிவிடுகிறார்கள். கதை என்னவென்றே தெரியாத குழந்தைக்கு எழுத்தைக் கண்டுபிடிப்பது, சொல்லைச் சேர்ப்பது, பொருளைப் பிடிப்பது என மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் தலையில் விழும். கதை முன்னமே தெரிந்தால் மூன்றாவது வேலை கழிந்துவிடும்.

சொல்லும்போது எழுதியுள்ள சொற்களையே சொல்லுங்கள். இன்றைக்கு "அசையவே இல்லை", நாளைக்கு "நகரவே இல்லை" என்று மாற்றினால், பின்னால் தாளில் இருப்பதும் காதில் இருப்பதும் ஒத்துப்போகாது. குரலை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஆறாம் பக்கம் முடிந்ததும் நிறுத்திக் கேளுங்கள்: "ஏன் நகரல?" பதில்கள் வேடிக்கையாக இருக்கும். பூசணிக்குத் தூக்கம் என்பார்கள், ஆடு தள்ளாமல் இலையைத் தின்கிறது என்பார்கள். எதையும் மறுக்க வேண்டாம். காரணம் தேட ஆரம்பித்த குழந்தை ஏழாம் பக்கத்துக்காகக் காத்திருக்கும்.

5. உருட்ட விடுங்கள் (நாள் 3)

தலையணைதான் பூசணி. தாத்தா, பாட்டி, மாமா, ஆடு, எலி என்று ஐந்து அட்டைகளை எடுத்து ஆளுக்கு ஒன்று மாட்டிவிடுங்கள். ஒரே குழந்தை என்றால் பொம்மைகளுக்கு மாட்டலாம். அட்டையில் படம் கூடாது, எழுத்து மட்டும். விளையாட்டு மும்முரத்தில் 'எனக்கு எலி வேணும்' என்று அட்டையைத் தேடும் கை, எழுத்தைப் பார்த்துத்தான் தேடியாக வேண்டும். வாசிப்பு என்று சொல்லாமலே நடக்கும் முதல் வாசிப்பு அது.

இங்கே எழுத்தெழுத்தாகக் கேட்டு விளையாட்டைக் கெடுக்காதீர்கள். அதற்கு நாள் இருக்கிறது.

6. விரல் வைத்து வாசிப்பது (நாள் 4, 5)

இப்போதுதான் தாள். முதல் தடவை உங்கள் விரல், உங்கள் குரல். இரண்டாம் தடவை குழந்தையின் விரல், இருவர் குரலும். மூன்றாம் தடவை குழந்தை மட்டும்.

ஒரு சொல்லுக்கு ஒரு தொடுதல் என்பதுதான் விதி. கேட்க எளிது, நடப்பது வேறு. ஒரு சிறுமி 'பூசணி நகரவே இல்லை' என்ற வரியில் முதல் சொல்லைத் தொட்டு "பூசணி" என்றாள், சரி. இரண்டாவதைத் தொட்டு ஒரே மூச்சில் "நகரவேயில்ல" என்றாள். விரல் மூன்றாவது சொல்லுக்குப் போனது, வாயில் சொல் தீர்ந்துபோயிருந்தது. விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் வரியின் தொடக்கத்துக்குப் போனாள்.

அந்த நேரத்தில் பேசாமல் இருங்கள். வாயும் விரலும் ஒத்துப்போகவில்லை என்பதைத் தானாகக் கண்டுபிடிக்கும் குழந்தை, எழுதியது வேறு, தான் சொன்னது வேறு என்று புரிந்துகொண்டுவிட்டது. மூன்று முறைக்கு மேல் திணறினால் மட்டும் 'நகரவே', 'இல்லை' என்று இரண்டு கைத்தட்டலாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

சில குழந்தைகள் எதிர்த்திசையில் போவார்கள். 'உருட்டு' என்ற ஒரே சொல்லுக்கு "உரு" என்று ஒரு தொடுதல், "ட்டு" என்று அடுத்த சொல்லில் ஒரு தொடுதல். சொற்களுக்கு நடுவே இடைவெளி போதாததால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. தாளை மாற்றி எழுதிவிடுங்கள், குழந்தையைத் திருத்த வேண்டாம்.

7. சொல்லை எழுத்தாக உடைப்பது (நாள் 6 முதல் 9 வரை)

வழிமுறையின் எலும்பு இதுதான், நாட்களும் இதற்குத்தான் அதிகம்.

சொற்களைக் கதை வரிசையில் எடுக்காதீர்கள், கடினத்தின் வரிசையில் எடுங்கள். முதலில் மாமா: ஒரே எழுத்து இரண்டு முறை. அடுத்து எலி, ஆடு: இரண்டே எழுத்து, புள்ளி இல்லை. அப்புறம் பூசணி. அதன் பிறகுதான் புள்ளி உள்ளவை: தாத்தா, பாட்டி, கல், இல்லை, உருட்டு. கொம்பு வரும் பெரிய, நகரவே, விதை கடைசியில்.

புள்ளி எழுத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அட்டவணை படிக்கும்போது இக், இங், இச், இஞ், இட் என்றுதான் சொல்லிப் பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் 'உருட்டு'வை எழுத்துக்கூட்டினால் "உ, ரு, இட், டு... உருஇட்டு" என்று வரும். குழந்தை மேல் தவறு இல்லை, நாம் சொல்லிக்கொடுத்த பெயரைத்தான் அது சொல்கிறது.

ஆகவே புள்ளி எழுத்தைத் தனியாக உச்சரிக்கவே வைக்காதீர்கள். முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிவிடுங்கள்: உ, ருட், டு. பாட், டி. தாத், தா. இல், லை. வந், தார். அட்டையை அந்த இடத்தில் கத்தரித்துக் கொடுத்தால் இன்னும் எளிது: 'ருட்' ஒரே துண்டாக இருக்கும், பிரிக்க முடியாது. ஒட்டிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் புள்ளியை விழுங்கி "உருடு" என்று படிப்பதும் குறையும்.

அடுத்தது கொம்பு. 'பெரிய' என்பதில் முதலில் கண்ணில் படுவது கொம்பு, ஆனால் முதலில் ஒலிப்பது ப். இடமிருந்து வலமாகப் போ என்று அதுவரை சொல்லிவிட்டு, இங்கே மட்டும் முன்னால் இருப்பதைப் பிறகு ஒலி என்கிறோம். குழப்பம் நியாயமானது. கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, 'இது ஒரே வீடு' என்று காட்டுங்கள். 'ஒற்றைக்கொம்பு ப, பெ' என்று சொல்ல வைப்பது எழுதும்போது உதவும். வாசிக்கும்போது அது வேகத்தைத் தின்கிறது. என் அனுபவத்தில் பெயர் தெரியாமல் 'பெ' என்று பார்த்தவுடன் சொல்கிற குழந்தையே முன்னால் போகிறது.

உகரத்துக்கு ஒரே குறி என்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையிலேயே ரு, டு, து மூன்றும் இருக்கின்றன, மூன்றுக்கும் வால் வேறு மாதிரி. முழு எழுத்தாகவே பழக்குங்கள்.

ஓசை மாறும் எழுத்துகளும் இங்கே உண்டு. 'கல்'லில் வரும் க வேறு, 'நகர'வில் வரும் க மென்மையானது. 'உருட்டு'வில் ட் அழுத்தம், 'ஆடு', 'உருண்டது' இரண்டிலும் இல்லை. இதை விதியாக விளக்க உட்கார வேண்டாம். பேச்சில் குழந்தை இந்த வேறுபாட்டை ஏற்கெனவே சரியாகத்தான் செய்கிறது. "ந, க, ர" என்று அழுத்தமாகக் கூட்டி முடித்ததும், 'சேர்த்துச் சொல்லு, நமக்குத் தெரிஞ்ச சொல்லா?' என்று கேளுங்கள், தானாக "நகர" என்று வழிக்கு வரும். கதை காதில் முன்பே ஏறியிருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது.

8. மனப்பாடத்தை உடைப்பது (நாள் 10, 11)

ஒரு பையன் எட்டுப் பக்கத்தையும் பிசிறில்லாமல் வாசித்தான். விரலும் சரியாக நகர்ந்தது. கண் மட்டும் மேலே மின்விசிறியில் இருந்தது.

இப்போது அட்டைகளை எடுத்து, கதையைக் கலைத்துப் போடுங்கள். எதுவும் சொல்லாமல் ஒரு வரியை அடுக்கி வாசிக்கச் சொல்லுங்கள்:

பெரிய எலி!

அடியில் ஒரு மாமா!

ஆடு உருண்டது.

சின்ன தாத்தா நகரவே இல்லை.

மனப்பாடத்தில் ஓடும் குழந்தை "அடியில் ஒரு கல்" என்று பழையபடியே சொல்லிவிட்டுப் போகும். வாசிக்கிற குழந்தை 'மா...' என்று நின்று, அப்புறம் சிரிக்கும். நீங்கள் விளக்காமல், படம் காட்டாமல் அந்தச் சிரிப்பு வந்தால் எழுத்து பொருளாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். அதைவிட நம்பகமான தேர்வை நான் பார்த்ததில்லை.

அட்டை அடுக்கும்போது வினைமுடிவைக் கவனியுங்கள். 'மாமா வந்தது' என்று போட்டுவிட்டால் மொழியே இடறும், தேர்வு கெடும். எலிக்கும் ஆட்டுக்கும் 'வந்தது', மற்றவர்களுக்கு 'வந்தார்'.

சிரிப்பு வராவிட்டால் பதற வேண்டாம். எந்தச் சொல்லில் நழுவியது என்று குறித்துக்கொண்டு, அந்தச் சொல்லை மட்டும் 7-ஆம் பகுதிக்குத் திருப்பி அனுப்புங்கள். முழுக் கதையையும் மறுபடி வாசிக்க வைத்தால் மனப்பாடம்தான் இன்னும் இறுகும்.

9. தவறும்போது

"வந்தாரு", "இல்ல" என்று வாசித்தால் முதல் வாரம் விட்டுவிடுங்கள். எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டு, தன் வாய்க்குப் பழகிய வடிவில் சொல்கிறது, அவ்வளவே. இரண்டாம் வாரத்தில் கடைசி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். 'பூசணி'யைப் 'பெரிய' என்று படித்தால் அது வேறு வகை: முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஊகிக்கிறது. மீதி எழுத்துகளை விரலால் மறைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுங்கள்.

திணறும்போது எவ்வளவு நேரம் காத்திருப்பது? மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரியவர்கள் இரண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், அப்புறம் குழந்தை எழுத்தைப் பார்க்காமல் நம் முகத்தையே பார்க்கப் பழகிவிடும்.

15 நிமிடம் ஆனதும், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் மூடிவிடுங்கள்.

10. குழந்தையே ஒரு பக்கம் சேர்ப்பது (நாள் 12 முதல்)

ஆட்டுக்கும் எலிக்கும் நடுவே இன்னொருவர் வரலாம். யார் என்று குழந்தை முடிவு செய்யட்டும், எழுதுவதும் அதுவே.

அந்த 40 எழுத்துகளுக்குள்ளேயே நரி, மாடு இரண்டும் கிடைக்கும். எழுத்துத் துண்டுகளைக் கலைத்துப் போட்டால் இலை, வலை, தலை, மாலை, மாடி, கடல் என்று கதையில் வராத சொற்களும் பிறக்கும். இவற்றை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். முன்பின் கேட்காத வரிசையில் க, ட, ல் மூன்றையும் பார்த்து "கடல்" என்று சொல்வதும், மனப்பாடமாக "பூசணி" என்று சொல்வதும் ஒன்றில்லை.

பெரும்பாலான குழந்தைகள் யானைதான் வேண்டும் என்பார்கள். தரலாம். யா, னை என்று இரண்டு எழுத்துகள் மட்டும் புதிது, அவற்றை அன்றைக்கே 7-ஆம் பகுதி முறையில் பழக்கிவிடுங்கள்.

எழுதிய பக்கத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தால் சிவப்பு மையை எடுக்காதீர்கள். 'உருடு' என்று எழுதியிருந்தால் எழுதியபடியே உரக்க வாசித்துக் காட்டுங்கள். காதில் விழுந்ததும் "இல்ல, உருட்டு!" என்று கத்திக்கொண்டு பென்சிலைத் தேடும்.